பூமி வாங்க மறுத்த சூடு

1954ஆம் வருஷம் சித்திரை முதல் வாரத்தில், கோவளத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்தில் குப்பம்மா வீட்டுக் கிணறு கொதிக்க ஆரம்பித்தது. அரைப்படி அரிசியைத் துணியில் முடிந்து கயிற்றில் இறக்கினால் இருபது நிமிஷத்தில் சோறாக மேலே வந்தது. புழுங்கல் அரிசி என்றால் கூடப் பத்து நிமிஷம். விறகு விலை ஏறியிருந்த சமயம் என்பதால் முதல் பத்து நாள் யாரும் குறை சொல்லவில்லை. சுடுதண்ணீரைக் குடித்துத் தாகம் தீராது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு குடம் ஆறுவதற்கு முக்கால் நாள் ஆனது. குப்பத்துக்கு வேறு கிணறு கிடையாது. நாற்பது வீடும் அந்த ஒன்றையே நம்பியிருந்தது.

காரணம் பஷீருதீனுக்குத் தெரியும். குப்பத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருந்த எண்பது படுக்கை தர்ம ஆஸ்பத்திரியில் அவர்தான் எஞ்சின்காரர். மதுராந்தகத்தில் அரிசி ஆலை எஞ்சினோடு பதினெட்டு வருஷம் மாரடித்துவிட்டு வந்தவர். கட்டடத்தைக் குளிரவைக்க அங்கே ஒரு இயந்திரம் இருந்தது. வார்டுகளில் இருக்கும் சூட்டை உறிஞ்சி, குழாய்த் தண்ணீரில் ஏற்றி, இருநூறு அடி ஆழத்துக்குத் தோண்டிய நாற்பது துளைகள் வழியாகப் பூமிக்குள் விட்டுவிட்டு வருவது அதன் வேலை. குளிர் தேசத்தில் செய்த சாமான். அதைப் பூட்டிய என்ஜினீயர் வாசுதேவன், குதிரில் நெல்லைக் கொட்டிவைத்து எடுப்பதுபோல, கோடையில் உள்ளே போட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக் கட்டடத்தைக் கதகதப்பாக்க வேண்டும், அதற்கென்று தனியாக ஒரு சக்கரம் இருக்கிறது, வருஷத்தில் நான்கு மாதம் அதைத் திருப்புங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார். நிர்வாகக் கமிட்டி சிரித்தது. செங்கல்பட்டு ஜில்லாவில் எவன் ஐயா கணப்பு கேட்டான் என்றார்கள். சக்கரத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். வார்டுப் பெண்கள் அதன்மேல் துண்டு உலர்த்தினார்கள். மூன்று வருஷம் போட்டது போட்டபடி இருக்க, எடுப்பார் யாருமில்லை. நான்காவது சித்திரையில், கீழே போன தண்ணீர் போன சூட்டோடேயே மேலே திரும்பி வந்தது. பந்தியில் வயிறு நிறைந்தவன் இலைக்கு மேலே கையை மறிப்பதுபோல, பூமி போதும் என்றுவிட்டது. மிஞ்சியது பக்கத்திலிருந்த கிணற்றுக்குப் போயிற்று.

இயந்திரத்தை நிறுத்தினால் தீர்ந்துபோகிற விஷயம்தான். பஷீருதீனால் நிறுத்த முடியாது. அவருடைய மனைவி பதருன்னிசா மேல் வார்டில் பதினேழாம் கட்டிலில் படுத்திருந்தாள். 1949இல் மூன்றாவது பிள்ளையும் வயிற்றிலேயே போனபிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது இறங்கவில்லை. நூற்று நான்கு டிகிரி, வருஷக்கணக்காக. பட்டணத்து டாக்டர்கள் எல்லாரும் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் குளிர்ந்த வார்டில் போட்டபிறகுதான் கண்ணைத் திறந்தாள், கஞ்சி குடித்தாள், அவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள். அந்தக் கட்டிலுக்காகத்தான் அவர் ஆலை வேலையை விட்டுவிட்டு வந்ததே. ஒருதரம் எஞ்சின் பெல்ட் அறுந்து இரண்டு மணி நேரம் நின்றபோது அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அன்றிலிருந்து, தொழப் போகிற நேரம் தவிர, அவர் எஞ்சினை விட்டு நூறு அடி தள்ளிப் போனதில்லை. அசதி என்றால் அப்படியொரு அசதி. சாப்பிடும்போது வாயில் சோற்றோடு தூங்கிவிடுவார்.

வைகாசி பிறந்ததும் குப்பம்மா எஞ்சின் ரூமுக்கு வந்தாள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். சண்டை போட வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கெணறு கொதிச்சிகினு கீது பாயி. கொயந்திங்களுக்கு நாக்கெல்லாம் வெந்து பூடுச்சு. மிசின நிறுத்து."

"நிறுத்துனா எங்க வூட்ல பூடுவா, குப்பம்மா."

அவளும் பெற்றவள், பறிகொடுத்தவள். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, அந்தச் சூட்டை வேறெங்கேயாவது போடேன், எங்க தலையில் ஏன் கொட்டுகிறாய் என்று கேட்டாள். அது நியாயமாகத்தான் பட்டது. அவள் போனபிறகு பஷீருதீன் நெடுநேரம் உட்கார்ந்து யோசித்தார். வேறெங்கே போடுவது என்று அவருக்குப் புலப்படவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துளைகளுக்குள் இறங்கும் தலைக்குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதலில் உள்ளங்கை வெந்தது. பிறகு வேகவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னபோது பிடித்தவர் பிற்பகல் அஸருக்கு பாங்கு சொன்னபோது விட்டார். மறுநாள் கிணற்றில் ஆவி குறைந்திருந்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் தண்ணீரானது. குப்பம்மா ஒரு கூடை சங்கரா மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அப்படி மூன்றரை வருஷம் நடந்தது. சூடு முழுவதும் அவர் உடம்பில் தங்கியது. மழையில் நடந்தால் தோளுக்கு ஒரு சாண் மேலேயே மழை ஆவியாகிவிடும். அவர் உடுத்திய வேட்டியில் இஸ்திரி போட்டதுபோல மடிப்பு நிற்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் அவர் கைகால் கழுவி உளூ செய்தால் ஹவுஸ் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும் என்பதால், கோடையில் கடைசியாக வரச்சொன்னார்கள், மார்கழியில் முதல் ஆளாக வரச்சொன்னார்கள். ஊர் எப்போதும் அப்படித்தான், தனக்கு வசதியானதை மட்டும் சட்டமாக்கிக்கொள்ளும். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்வதற்குத் தெம்பில்லை. படுத்தால் பாய் கருகும் என்று கருங்கல்லில் படுத்தார், தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், ஒன்றைத் தவிர. பதருன்னிசாவிடம் போக முடியவில்லை. அவர் வார்டு வாசலில் நின்றாலே உள்ளே இரண்டு டிகிரி ஏறியது. நர்ஸ் சந்திரம்மா கெட்டவள் இல்லை, ஆனாலும் வாசலில் தான் கிழித்த கோட்டைத் தாண்டவிடமாட்டாள். தோட்டத்துப் பக்கமாகப் போய், வெளிப்படியில் ஏறி, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்பார். பதருன்னிசா உள்ளேயிருந்து பார்ப்பாள். ஒரு நிமிஷத்துக்குள் கண்ணாடியில் நீர் கோத்து முகம் மறைந்துவிடும். யாரைப் பிழைக்கவைக்கச் சூட்டைச் சுமந்தாரோ அவளைத் தொடமுடியாமல் போனது அவருக்குத் தாங்கவில்லை. வெளிப்படையாக அழுதார். கன்னத்தில் உப்பு மட்டும் மிஞ்சியது.

1957 கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, எட்டு வருஷம் பிடித்திருந்த காய்ச்சல் பதருன்னிசாவை விட்டது. சந்திரம்மா தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் தொண்ணூற்றாறு, பிறகு தொண்ணூற்று நான்கு. காய்ச்சல் வருஷக்கணக்காய் உடம்பைத் தின்றிருந்தது. சொந்தச் சூடு என்று உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. உதடு நீலம் பாரித்தது, பல் கிட்டியது. பெரிய டாக்டர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். ஆனால் ஏழு வருஷக் குளிர் சுவரில் ஊறிப்போயிருந்தது, இறங்கவில்லை. எண்பது படுக்கைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த கம்பளி பதினொன்று. அத்தனையும் போர்த்தினார்கள். பஷீருதீன் பச்சைச் சக்கரத்தை ஸ்பானர் போட்டுத் திருப்பினார். துரு ஏறிய தண்டு முறிந்து, சக்கரம் கையோடு வந்துவிட்டது.

அதைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். சந்திரம்மா இரண்டு கையையும் விரித்து மறித்தாள். உன் கை பட்டால் அவள் தோல் பொசுங்கிவிடும் என்றாள். அதுதான் அவருக்கும் பயம். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். பதினேழாம் கட்டிலில் கம்பளிக் குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, குளுருது. வாங்க."

போனார். கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு விரலை அவள் உள்ளங்கையில் வைத்தார். பொசுங்கவில்லை. கையை வைத்தார். பிறகு கம்பளிகளை விலக்கி அவளை மார்போடு சாய்த்துக்கொண்டார். மூன்றரை வருஷக் கோடையும், எண்பது கட்டிலின் காய்ச்சலும், தாமிரக் குழாய் வழியாக வந்த அத்தனை மத்தியானங்களும் அவரிடமிருந்து இறங்கி அவளிடம் போயின. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறரை. சந்திரம்மா கால் மணிக்கு ஒருதரம் குறித்துக்கொண்டே இருந்தாள். அஸருக்கு பாங்கு சொன்னபோது தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கில் நின்றது. அப்போது பஷீருதீன் தூங்கிவிட்டிருந்தார். மூன்று நாள் தூங்கினார். பதருன்னிசா எழுந்து உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் சத்தம் போடாதீர்கள் என்று விரட்டினாள். கேஸ் சீட்டில் மருந்து என்ற இடத்தில் பெரிய டாக்டர், புருஷன், நான்கு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உடைந்த சக்கரத்தைக் கமிட்டி மாற்றவில்லை. தேவைப்படவில்லை என்று தீர்மானம் போட்டார்கள். கோடை நான்கு மாதமும் பஷீருதீன் குழாயைப் பிடித்தார். ஐப்பசி பிறந்ததும் குளிர்காய்ச்சல்காரர்கள், பிள்ளை பெற்று ஜன்னி கண்ட பெண்கள், கட்டுமரத்தில் நனைந்து விறைத்து வந்த குப்பத்து ஆட்கள் எல்லாரும் அவர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு அரைமணி கையைக் கொடுப்பார். முதல் மழை நாளில் மட்டும் கதவு திறக்காது. வெளியே ஆட்கள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் எழப்போவார்.

"இருக்கட்டும். இன்னிக்கி என் மொற" என்பாள் பதருன்னிசா, கையை விடாமல். வெளியே இருப்பவர்களுக்கும் அது தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுநாள் வரலாம் என்று எழுந்து போவார்கள்.