அறைந்து சாத்த வேண்டிய கதவு

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. தூரத்தில் இருந்தால் நான் குரலை உயர்த்த வேண்டும். இந்தக் கதையை உரக்கச் சொல்ல முடியாது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு புதுக் கார், அதில் ஒழுங்காக மூடாத ஒரு கதவு. அவ்வளவுதான். நடுநடுவே சிரிக்க இடம் இருக்கிறது, சிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வராது.

அவர் கார் டிரைவர். முதலாளி வீட்டுக் கார். மீசை கறுப்பாய் இருந்தபோது பிடித்த ஸ்டியரிங்கை, மீசை வெளுத்த பிறகுதான் விட்டார். வேகமாய் ஓட்டுவதில் அவருக்குப் பெருமை கிடையாது. பெருமையெல்லாம் கதவு சாத்துவதில். முதலாளியம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், உள்ளங்கையைக் கதவில் பதித்து, அது மூடும் இடம் வரைக்கும் கையும் கூடவே போய், கடைசியில் மெல்ல ஓர் அழுத்து. மடியில் குழந்தை தூங்கினாலும் முழிக்காது. "கதவை அறையுறவன், உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களையே அறையுற மாதிரி" என்பார்.

பெண்டாட்டி தையல்காரி. தெருவைப் பார்த்த அறையில் மிஷின் போட்டிருந்தாள். டெய்லரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கோணல் தையலைப் பார்த்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளின் முதுகைத் தட்டி, "காலர் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, யாரு தைச்சது?" என்று கேட்பாள். ஒரு கல்யாணத்தில் மேடை ஏறி மணப்பெண்ணிடமே, "இடது தோள் ஏறியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பந்தியில் உட்காராமலே திரும்பி வந்திருக்கிறார்கள்.

அவர்கள் சேர்ந்து வெளியே போனது குறைவு. இவள் தலை சீவி, நல்ல உடுப்பு உடுத்தி, செருப்பில் காலை விடும்போது முதலாளி வீட்டிலிருந்து போன் வரும். அவர் ஓடுவார். இவள் உடுப்பை மாற்றிக்கொண்டு மிஷினில் உட்காருவாள். அந்த மாதிரி ஒரு நாளில் அவர் வாசலில் நின்று சொன்ன வாக்கு இது:

"வேலையை விட்டதும் நமக்குன்னு ஒரு கார் வாங்குவேன். நீ பின்சீட்டுல உட்காரணும். நான் கதவைத் திறந்துவிட்டு, சாத்திட்டு, முன்னாடி போய் உட்கார்ந்து, 'எங்க போகணும்?'னு கேட்பேன். நீ சொல்லணும்."

"டிரைவருக்கு டிப்ஸ் தரணுமா?"

"அது உங்க இஷ்டம் மேடம்."

சிரித்தாள். ஆனால் அன்றைக்கே மனசில் ஓர் இடத்தை முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

கார் வந்தது. நனைந்த சிலேட்டு நிறம். ஷோரூமில் பானெட்டின் மேல் ரிப்பன் கட்டி, வேலை பார்க்கிறவர்கள் வரிசையாய் நின்று கை தட்டினார்கள். டிரைவர் புதுச் சட்டை போட்டிருந்தார், அவள் தைத்தது. பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதலாளியம்மாவுக்கு நிற்பது போலவே லேசாய்க் குனிந்து நின்றார்.

அவள் ஏறவில்லை. காரின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அதைக் கொஞ்சம் சாத்துங்க." சாத்தினார். "பாருங்க, முன் கதவுல வர்ற கோடு பின் கதவுல போய்ச் சேரலையே. ஒரு நூல் இறங்கியிருக்கு."

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். டை கட்டிய தம்பி ஒருவன் ஓடி வந்தான். "லைட்டுல அப்படித் தெரியுது மேடம்."

"லைட்டு கோடு போடாது தம்பி."

டிரைவர் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, அவளை உட்காரவைத்து, தன் வழக்கப்படி உள்ளங்கையைப் பதித்துச் சாத்தினார். மூடவில்லை. திரும்பவும் சாத்தினார். கதவு விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றது.

"புது ரப்பர் சார், கொஞ்சம் முறுக்கிட்டுத்தான் இருக்கும்" என்று அந்தத் தம்பி வந்து ஓர் அறை அறைந்தான். கதவு மூடியது. உள்ளே அவள் தோள் தூக்கிப்போட்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் முகம் சுண்டிப்போனதை அவள் பார்த்தாள்.

கதவைத் திறந்தார். "இறங்கு. முதல் சவாரி இப்படி வேண்டாம்."

புதுக் காரை ஷோரூமிலேயே விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். அந்தத் தெருவில் இப்படிக் கார் வாங்கியவர்கள் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு அவர் பட்டது நாய் படாத பாடு. சர்வீஸ் சென்டரில் கதவின் கொக்கியைத் தள்ளி வைத்தார்கள். மெல்லச் சாத்தினால் மூடியது. ஆனால் கதவின் பின் ஓரம் துருத்திக்கொண்டு நின்றது, ஓட்டினால் அந்தச் சந்தில் காற்று விசில் அடித்தது. கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கினார்கள். கோடு சேர்ந்தது, மேலே கண்ணாடிப் பக்கம் நகம் நுழைகிற அளவு இடைவெளி வந்தது. சரி, முன் கதவை இதற்குத் தகுந்தபடி நகர்த்துவோம் என்றார்கள். முன் கதவு மட்கார்டில் உரசி, புதுப் பெயின்ட் பொரிந்தது.

ஒவ்வொரு தடவையும் டை கட்டிய தம்பி ஒரே பல்லவி பாடினான். "கம்பெனி சொல்ற அளவுக்குள்ளதான் சார் இருக்கு."

"அந்த அளவை வச்சுக்கிட்டு உங்க அம்மாவை உள்ள உட்காரவச்சு அறைஞ்சு பாரு தம்பி."

"எங்க அம்மா ஸ்கூட்டர்லதான் சார் வருவாங்க."

இதைக் கேட்டு டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பே அவரிடமிருந்து கழன்றுகொண்டு வந்தது அவளுக்குத் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு கதவைப் பற்றி. தெருவில் நடந்தால் நிற்கிற கார்களின் கதவு இடுக்குகளில் எல்லாம் விரலை வைத்துப் பார்ப்பார். யாரோ திருடன் என்று நினைத்து ஒரு நாள் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

அவள் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "முன் கதவு மூடுதில்ல? நான் முன்னாடி உட்கார்ந்துக்கிறேன். சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

"முன்சீட்டா? முதலாளியம்மா கூட வர்ற வேலைக்காரங்க பையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ற இடம் அது. நான் உன்கிட்டச் சொன்னது பின்சீட்டு."

"நான் என்ன உங்க முதலாளியம்மாவா?"

"அப்படி உட்கார்ந்து வரணும்னுதானே வாங்கினேன்?"

"எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து வந்தாப் போதுங்க."

"முதல்ல கோணலா இருக்குன்னு சொன்னதே நீதான். இப்ப சமாதானம் பேசுறியா?"

அந்த வாயை ஷோரூமில் ஒரு நிமிஷம் மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று அவள் தன்னைத்தானே திட்டாத நாள் இல்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னது பாடி ஷாப்பில் இருந்த டிங்கர். கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, கதவு உட்காரும் சட்டத்தில் நூலைப் பிடித்துக் காட்டினார். "அண்ணே, கதவுல கோளாறு இல்லை. கதவு உட்கார்ற கூடே சாஞ்சிருக்கு. கம்பெனியில பாடியை ஒட்டும்போதே வந்தது. நான் இங்க மூடினா அங்க திறக்கும், அங்க மூடினா இங்க திறக்கும். என்னைத் தலைகீழா நிக்கச் சொன்னாலும் இவ்வளவுதான்."

டிரைவர் மேனேஜரிடம் போய் வேறு கார் கேட்டார். ஓடுகிற வண்டியை மாற்றித் தருவது வழக்கமில்லை என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். டிங்கரிடமே திரும்பி வந்து, "உன்னால முடிஞ்சதைச் செய்" என்றார். டிங்கர் பாவம், கொக்கியும் கீலும் ரப்பருமாய் மெனக்கெட்டு, பாலிஷும் போட்டுக் கொடுத்தார்.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினார். நல்ல வெயில். பாலிஷின் வெள்ளைத் தூள் இன்னும் பக்கவாட்டில் படிந்திருந்தது.

"வா, வந்து பாரு" என்று கூப்பிட்டார். "எனக்குப் பார்த்துப் பார்த்துக் கண்ணே மரத்துப்போச்சு. உன் கண்ணு பொய் சொல்லாது. நீ சரின்னா சரி. இப்பவே கிளம்புவோம்."

மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். காரின் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நடந்தாள். கதவு இன்னும் இறங்கித்தான் இருந்தது. முன்பை விடக் குறைவு, ஆனால் இறங்கித்தான் இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"சரியா இருக்குங்க."

"நிஜமாவா?"

"கச்சிதம். இதுக்குமேல யாராலயும் செய்ய முடியாது."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது கண்ணுகளா. சாவியை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். அப்போது அவர் பார்வை அவள் கைக்குப் போனது. வாய் பேசிக்கொண்டிருந்தபோதே, அவளுக்கே தெரியாமல், அவள் கட்டைவிரல் நகம் அந்த வெள்ளைத் தூளில் சின்னதாய் ஒரு கோடு கிழித்திருந்தது. துணியில் எந்த இடத்தைப் பிரித்துத் தைக்க வேண்டுமோ, அந்த இடத்தில் தையல்காரர்கள் நகத்தால் கீறி வைப்பார்களே, அதே கோடு. சரியாக எந்த இடத்தில் இறங்கியிருக்கிறதோ அங்கே.

அவர் கோட்டைப் பார்த்தார். அவள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் துடைத்தாள்.

"ஏங்க, பழக்கத்துல…"

"தெரியும்" என்றார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. தானே கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "இருந்துட்டுப் போகட்டும். அறைஞ்சு சாத்துங்க. நான் காதைப் பொத்திக்கிறேன். நாம போவோம்."

அவர் உள்ளங்கையைப் பதித்தார். மெல்லச் சாத்தினார். மூடவில்லை. மறுபடியும் அதே மெல்ல. கையை ஓங்கவே அவருக்கு வரவில்லை. கை கதவின் மேலேயே நின்றுவிட்டது. அவள் உள்ளேயிருந்து கைப்பிடியைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்து அறைந்தாள். மூடிக்கொண்டது.

அவர் முன்னால் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். தெருமுனை தாண்டினார்கள். கடைத்தெரு தாண்டினார்கள். கதவுச் சந்தில் காற்று விசில் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. பெரிய பாலத்துக்குக் கீழே வண்டியைத் திருப்பினார். வந்த வழியே வீட்டுக்கு வந்து நிறுத்தினார். இறங்கி வந்து கதவைத் திறந்து, லேசாய்க் குனிந்து நின்றார். அவள் இறங்கினாள்.

எங்கே போகணும் என்று அவர் கேட்கவேயில்லை.

அந்த மாதமே காரை விற்றுவிட்டார். வாங்கியவர் பெரிய குடும்பஸ்தர். நாலு கதவையும் படார் படார் என்று அறைந்துகொண்டு பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டே போனார். டிரைவர் மறுபடி முதலாளி வீட்டுக்கே வேலைக்குப் போய்விட்டார். அங்கே கதவு நன்றாக மூடுகிறதாம். போன் வந்தால் ஓடுகிறார்.

டெய்லரம்மா இப்போதும் தைக்கிறாள். போன வாரம் என் பேத்திக்குக் கடையில் வாங்கிய கவுனைக் காட்டக் கொண்டுபோனேன். விளிம்பு ஒரு பக்கம் ஏறியிருந்தது எனக்கே தெரிந்தது. அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நல்லா இருக்குக்கா. அழகா இருக்கு" என்றாள்.

இப்போதெல்லாம் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாளாம்.

போய்வாருங்கள் கண்ணுகளா, உங்களைத் தேடப்போகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் கிளம்பலாம் என்றால் இன்னொருவரும் கூடவே கிளம்பட்டும். எதிரும் புதிருமாய்ச் சண்டை போட்டாலும் பேச்சு நின்றுபோகாமல் இருக்கட்டும். அடுப்பு எரியட்டும், பிள்ளைகள் சத்தம் கேட்கட்டும், எல்லோரும் நோய் நொடியில்லாமல் நல்லபடியாய் இருங்கள்.