கேளாமல் விட்ட கேள்வி

மாரி ஓய்ந்து, குளங்களெல்லாம் கரைதொட நிறைந்து, வாய்க்கால்தோறும் நீர் சலசலத்தோட, வன்னிப் பெருநிலத்து வயல்கள் பழுத்துத் தலைசாய்ந்து நின்ற மாசித் திங்களின் இளங்காலைப் பொழுதிலே, தர்மபுரத்து மக்களைச் சுமந்த சிற்றுந்து ஒன்று பரந்தனைக் கடந்து கிளிநொச்சி நீதிமன்றத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. வாசகரே, அவர்களின் கலகலப்பைக் கேட்டிருந்தால் திருவிழாவுக்குச் செல்வோர் என்றே எண்ணியிருப்பீர். அழகம்மாவின் காணி வழக்கு அன்று விசாரணைக்கு வருகிறது. வென்று தருவதற்குத் தங்கள் பிள்ளையே அங்கிருக்கிறாள் என்னும் துணிவு அவர்களை அப்படிப் பேசவைத்தது.

அந்தப் பிள்ளை அனோஜா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டிறங்கி வந்து, காடழித்துக் கழனி செய்த குடிகளுள் சட்டம் பயிலக் கொழும்பு சென்ற முதற்பெண். படிப்பை முடித்து, மூத்த வழக்கறிஞர் சிவகரனிடம் இப்போது பயிற்சிக்கு அமர்ந்திருக்கிறாள். ஊரார் அவளை எண்ணிப் பெருமைப்பட்டனர். ஆயினும் பெருமைப்படுவோர் யாரும் அருகில் அமர்ந்து உரையாடுவதில்லை. கொழும்பு விடுதியில் அவள் வன்னிக்காரியாய் ஒதுங்கியிருந்தாள். ஊருக்கு மீண்டால், அவளைக் கண்டதும் பேச்சு அடங்கி, அமரக் கதிரை ஒன்று துடைத்துப் போடப்பட்டது. பக்கத்து வளவில் தனித்து வாழும் கைம்பெண்ணான அழகம்மா ஒருத்திதான் முன்போலவே அவளை அதட்டி அழைத்துச் சோறு போட்டாள். அதனாலேயே இவ்வழக்கு அனோஜாவுக்குத் தன் உயிர்போல் ஆயிற்று.

அழகம்மா குடியிருக்கும் மண், ஏட்டின்படி பரமலிங்கம் என்னும் பெரியவருடையது. அவர் இருந்தவரை எவரையும் காணியை விட்டு எழும்பச் சொன்னதில்லை. அவர் மறைந்தபின் வெளிநாட்டிலிருந்து வந்த மகன், காணியை மீட்டுத்தரக் கோரி வழக்கிட்டான். பத்தாண்டு தடையின்றி, உடையவனுக்கு வாடகையோ விளைவில் பங்கோ கொடாமல், ஒருவர் நிலத்தை ஆண்டிருந்தால் அது அவருக்கே உரித்தாகும் என்பது இந்நாட்டுச் சட்டம். அந்த ஆட்சியுரிமையையே சிவகரன் நம்பியிருந்தார். ஊராரின் பேச்சு வழக்கு அறிந்தவள் என்பதால், அழகம்மாவை வினவிக் குறிப்பெடுக்கும் பொறுப்பை அனோஜாவிடம் விட்டார். காடு வெட்டியது எப்போது, கிணறு தோண்டியது யார், வேலி அடைத்தது யார் என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். உரியவருக்கு ஏதேனும் கொடுத்ததுண்டா என்பதை மட்டும் கேட்கவேயில்லை.

கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கோ தோன்றிற்று. கூண்டில் நின்ற அழகம்மாவிடம், விளைச்சலில் பரமலிங்கத்தாருக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று அவர் மென்மையாக வினவினார்.

"ஓம் ஐயா," என்றாள் அவள் தலைநிமிர்ந்து. "வருசா வருசம் முதல் அறுக்கிற புதிர் நெல்லு ஒரு கடகம் அவருக்குக் குடுத்திட்டுத்தான் நாங்க உலை வைப்பம். ஒருக்காலும் தவறினதில்ல. நாங்க நன்றி மறந்த ஆக்களில்ல."

சிவகரன் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அனோஜாவுக்கு எல்லாம் விளங்கிற்று. விளைவு கொடுத்தல் என்னும் அச்சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதி, நன்மதிப்பெண்ணும் பெற்றவள் அவள். முதற்கதிர் அறுத்துப் புதிரெடுக்கும் நாளில், பாவாடை கட்டிய சிறுமியாய் அந்தப் பனையோலைக் கடகத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பரமலிங்கத்தார் வாசலுக்குச் சென்றவளும் அவளே. ஊரின் நல்ல பழக்கமாக அறிந்த ஒன்றைச் சட்டம் வேறு பெயரிட்டு அழைக்கும் என்பது அவளுக்கு எட்டவில்லை. ஊரை முன்பின் அறியாத ஒருவர் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

வெளியே வந்ததும், இனி வெல்வதற்கு வழியில்லை என்றார் சிவகரன், கடிந்துரைக்கவில்லை. "உங்கட ஆக்களுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்று மட்டும் கூறி அடுத்த வழக்குக்குச் சென்றுவிட்டார்.

திரும்பும் வழியில் சிற்றுந்தின் முன்னிருக்கையை அனோஜாவுக்கு விட்டு, மற்றவர் யாவரும் பின்னால் நெருக்கியடித்து அமர்ந்தனர். அழகம்மா வாய் தடுமாறாமல் மறுமொழி சொன்னதை ஒருவர்க்கொருவர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர். தோற்றுவிட்டோம் என்பதை அறிந்தவள் அத்தனை பேருக்குள் அனோஜா ஒருத்தியே. சொந்தச் சனத்தின் நடுவில் அவ்வளவு தனியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

பின்னாலிருந்து அழகம்மா அவள் தோளைத் தொட்டாள். "நான் சரியாச் சொன்னனானோ, பிள்ளை?"

"உண்மையத்தான் சொன்னனீங்கள், பெரியம்மா," என்றாள் அனோஜா, திரும்பி அவள் முகத்தைப் பார்த்து. "ஆனா நெல்லுக் குடுத்தபடியால், காணி அவருடையதெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. காணி கைவிட்டுப் போகப்போகுது. இதை நான் முதலே கேட்டிருக்கோணும். கேக்காமல் விட்டிட்டன்."

பின்னிருந்தோர் எல்லாரும் அதைக் கேட்டனர். அழகம்மாவின் கை தோளிலிருந்து மெல்ல விலகியது. அவள் வையவில்லை, அழவுமில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள முயல்பவளாய் வெளியே வயல்களைப் பார்த்தபடி கேட்டாள்:

"அப்ப, குடுக்காமல் இருந்திருக்கோணுமோ, பிள்ளை?"

அவ்வினாவுக்குச் சட்டத்தில் விடை உண்டு. அனோஜா அதை நன்கு கற்றிருந்தாள். தர்மபுரம் வந்தது. ஒவ்வொருவராய் இறங்கினர், அவளை விலகிப்போகச் சொன்னவர் யாருமில்லை, வா என்று கூப்பிட்டவரும் யாருமில்லை. அழகம்மா தன் படலையைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திக்கொண்டாள்.