இரைச்சல் இல்லாத ஹெட்போன்

மூன்றாவது ஹெட்போனையும் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்த வீடியோ எடிட்டர், உதட்டைப் பிதுக்கினார்.

"இதுலயும் இருக்கும்மா."

"என்னண்ணே இருக்கு?"

"அதான், கீன்னு ஒரு சத்தம். பாட்டு ஓடுறப்ப தெரியாது. பாட்டு நின்னா பின்னாடி ஓடிட்டே இருக்கும்."

கடைக்காரம்மா அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கழற்றி, துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள். அந்தத் தெருவில் அவளுக்கு ஒயரம்மா என்று பெயர். ஒயர் விற்கிறவள் என்பதால் வைத்த பெயர்தான். ஆனால் மேல் கொக்கியில் தொங்கும் சார்ஜரை எடுக்க அவள் ஸ்டூல் போட்டு ஏறவேண்டியிருக்கும் என்பதால், கூப்பிடுகிற எவருக்கும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடும். அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒருவர் நின்றால் இன்னொருவர் பக்கவாட்டில்தான் நுழையமுடியும் என்ற அளவிலான கடை. சுவர் முழுக்க ஒயர்கள், காலர் மைக்குகள், போனை நிறுத்திவைக்கும் முக்காலிகள், சோப்பு டப்பா அளவிலான ஸ்பீக்கர்கள். எடிட்டர் அங்கே பல வருடத்து வாடிக்கை. விலை அதிகமானதை எவனும் வாங்கிவிடலாம், மலிவானதில் நல்லதைப் பொறுக்குவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒயரைச் சுண்டிப் பார்ப்பார். நுனியில் சொருகும் பின்னை நகத்தால் கீறிப் பார்ப்பார். காதுப் பஞ்சை முகர்ந்துகூடப் பார்ப்பார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என யார் எதை வாங்குவதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கமாட்டார்கள். அவர் கைகாட்டிய பொருள் சோடை போனதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் கொஞ்ச நாளாக இந்தக் கீச்சொலி ஆட்டிவைத்தது. முதலில் அது பழைய ஹெட்போனின் கோளாறு என்று நினைத்தார். ஒயரை மாற்றினார். பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ எர்த் கசிகிறது என்று பிளக்கை மாற்றி மாற்றிக் குத்தினார். ராத்திரி படுத்தால் வீட்டிலும் அதே சத்தம். டியூப் லைட்டின் சோக்கைக் கழற்றினார், சார்ஜர்களை எல்லாம் பிடுங்கிப்போட்டார். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுப் படுத்ததில் காலையில் பால் திரிந்து, மனைவி ருத்ர தாண்டவம் ஆடிவிட்டாள்.

"சத்தம் சத்தம்னு இந்த வீட்டுல சத்தம் போடுற ஒரே ஆளு நீங்கதான்," என்றாள்.

அன்று கடையில் நான்காவதாக ஒன்றைக் காட்டினாள் ஒயரம்மா. அதில் கொஞ்சம் குறைவாக இருப்பதுபோல் தோன்றியது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய ஸ்டுடியோ. படம் எடுப்பது மனைவியின் தம்பி, வெட்டி ஒட்டுவது இவர். கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, கம்பெனிக் கூட்டம் என்று எது வந்தாலும் இருவருமாகப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது கையில் இருந்தது ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியையின் பேச்சு. பிரிவுபசார விழாவில் அந்த அம்மாள் எழுதிவைக்காமல், தழுதழுக்காமல், பழைய மாணவர்களைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிய பேச்சு. அதற்கென்றே மைத்துனன் ஒயரம்மா கடையில் புதிதாக ஒரு காலர் மைக் வாங்கியிருந்தான். மாமாவைக் கேட்காமல் அவன் வாங்கிய முதல் பொருள் அது. அதுவே எடிட்டருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பேச்சைக் கேட்டபோது வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளியில் அந்தக் கீச்சொலி ஒலித்தது. பிடித்துவிட்டோம் திருடனை என்று ஒரு திருப்திகூட வந்தது அவருக்கு.

சத்தத்தை நீக்க உயர்ந்த ஒலிகளை வெட்டினார். போகவில்லை. இன்னும் வெட்டினார். வெட்ட வெட்டக் குரல் மங்கிக்கொண்டே வந்ததே தவிர, அது மட்டும் அசையவில்லை. ஒரு கட்டத்தில் இதற்குமேல் முடியாது என்று அனுப்பிவிட்டார். மறுநாளே அந்த அம்மாளின் மகன் நேரில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்கம்மா போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குங்க," என்றார். "அவங்க குரல் எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா?"

மைத்துனன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். எடிட்டர் அவன் பக்கம் கையை நீட்டினார். "நான் என்ன சார் பண்றது? மலிவா இருக்குன்னு ஒரு மைக்கை வாங்கி மாட்டிட்டான். முழுக்க இரைச்சல். முடிஞ்ச வரைக்கும் கழுவியிருக்கேன்."

"நான் கேட்டப்ப ஒண்ணும் இல்லையே மாமா," என்றான் அவன்.

"உனக்குக் காது செவிடு. போடா."

வந்தவர் தரையைப் பார்த்தார். மைத்துனன் முகம் சுண்டிப்போயிற்று. கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன், அதன்பிறகு அக்காவுக்கு மட்டும் போன் செய்தான். மாமா எடுத்தால் வைத்துவிட்டான்.

எடிட்டருக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் வெளியே போகத் தோன்றியது, வெளியே போனால் எதற்கு வந்தோம் என்றிருந்தது. ஒருநாள் மதியம் சாப்பிட்ட கையோடு, புதிதாக வாங்கிய ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஒயரம்மா கடைக்குப் போனார். அதிலும் சத்தம் கூடியிருந்தது. வாங்கியபோது குறைவாக இருந்தது இப்போது எப்படி ஏறியது?

"உங்க ஸ்டாக்கே சரியில்லம்மா. மைக்கும் அப்படி, இதுவும் அப்படி. யாருக்குக் காது குத்தறீங்க?"

ஒயரம்மாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. ஆனால் அவள் கோபம் கையில்தான் தெரிந்தது. டப்பென்று ஒரு புதுப் பெட்டியைக் கிழித்து, ஹெட்போனை எடுத்து அவர்முன் வைத்தாள். "இதைப் போட்டுப் பாருங்கண்ணே. இப்பத்தான் சீல் உடைச்சேன்."

அவர் மாட்டினார். காதுப் பஞ்சு இறுக மூடியது. தெருவில் போன ஆட்டோவின் சத்தம் உள்வாங்கிக்கொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை உயர்த்தினார்.

"இதோ. இதோ இருக்கு. பாட்டுகூடப் போட வேணாம். நல்லாத் தெரியுது."

கண்ணைத் திறந்தார். ஒயரம்மா அவரைப் பார்த்த பார்வையில் சற்றுமுன் இருந்த கோபம் இல்லை. அவள் கையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். ஹெட்போன் ஒயரின் பின் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது.

"அண்ணே, இன்னும் எதுலயும் மாட்டலண்ணே."

அவர் அந்தப் பின்னையே பார்த்தார். காதில் சத்தம் நின்றபாடில்லை. சிரிக்க முயன்றார். "ஓ... கையில பிடிச்சிருக்கீங்கள்ல, அதுல கரண்ட் ஏதாவது..." என்று தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. நல்லவேளை, போனுக்கு உறை கேட்டு யாரோ வந்தார்கள். ஒயரம்மா அவர்களிடம் திரும்பிக்கொண்டாள். அவர் கழற்றி வைத்துவிட்டு இறங்கும்போது, இந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்கண்ணே."

நேராக வீட்டுக்குப் போகவில்லை. பெரிய தெருவில் குளிர்சாதனம் போட்ட கடை ஒன்றுக்குள் நுழைந்தார். அங்கே ஹெட்போன்களைக் கழுத்து நீட்டிய பொம்மைத் தலைகளில் மாட்டி வைத்திருந்தார்கள். வாங்குகிறவர்போல் ஒன்றை எடுத்தார். விற்பனைப் பெண் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு மாட்டிக்கொண்டார். இருந்தது. இன்னொன்று. இருந்தது. கடையிலேயே விலை அதிகமானதை, இதுவரை கையால் தொட்டுக்கூடப் பார்த்திராததை எடுத்து மாட்டினார். அதுதான் வெளிச்சத்தத்தைத் துளிகூட விடாமல் மூடியது. அதில்தான் மிகத் தெளிவாகக் கேட்டது.

"ஏதாவது பாட்டுப் போடட்டுமா சார்?" என்று அந்தப் பெண் வந்தாள்.

"வேணாம்மா. போதும்," என்று வெளியே வந்தார்.

எத்தனை மேடைகளில் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்றிருக்கிறார் என்று நடந்துகொண்டே யோசித்தார். இளம் வயதில் மேடை ஒலி வேலைதான் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் வேலை தெரிந்தவன் என்று ஒரு வீம்பு. மறுநாள் காலை காது கிண்ணென்று இருக்கும், மதியத்துக்குள் போய்விடும். போய்விட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார். வெட்டினால் போகாது என்பதுதான் இப்போது திரும்பத் திரும்ப மனதில் வந்தது. எந்த ஒயரை மாற்றினாலும், எந்த பிளக்கைப் பிடுங்கினாலும் போகாது. வழியில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து சாயங்காலம் வந்தபோது, அவர் முன்னறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஒயர் தரையில் கிடந்தது. அவள் அதன் நுனியைக் குனிந்து எடுத்தாள்.

"எதைக் கேட்டுட்டு இருக்கீங்க?"

அவர் சொன்னார். கோவையாகச் சொல்ல வரவில்லை. ஒயரம்மா பின்னைத் தூக்கிக் காட்டிய இடம் வந்ததும் அவளுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பவும் கேக்குதா?"

"ம்."

"நான் பேசறப்பவும்?"

"நீ பேசறப்ப கம்மி."

"அப்போ இனிமே வாய மூடுன்னு சொல்லமாட்டீங்க," என்றாள். தரையில் கிடந்த ஒயரைச் சுருட்டினாள். பிறகு, "தம்பிகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை.

"நீயே சொல்லிரேன்."

"ஏசினது நானா?"

மைத்துனன் அடுத்த நாள் செருப்புக் கடை ஒன்றில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தாளின்மேல் ஒற்றைச் செருப்பு மினுமினுத்துக்கொண்டிருந்தது. மாமாவைப் பார்த்ததும் அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா சொல்லிட்டா," என்றான். எடிட்டர் இதை எதிர்பார்க்கவில்லை.

"மாப்ள, அந்த மைக்குல தப்பு இல்ல."

"எனக்குத் தெரியும் மாமா."

"நான் அன்னிக்குப் பேசினது..."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அந்தம்மா பையன் முன்னாடிதானே சொன்னீங்க." அவன் செருப்பை ஒரு நூல் அளவு திருப்பி வைத்தான். "அவர்கிட்ட சொல்லுங்க."

எடிட்டர் போனை எடுத்தார். தொழிலில் இதுவரை எவரிடமும் சொல்லாததைச் சொல்லவேண்டும். எடிட்டருக்குக் காது போச்சு என்று ஒருவர் சொன்னால் போதும், மறுவாரம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போகட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டார். அந்த மகன் எடுத்துவிட்டார்.

"சார், அம்மாவோட பேச்சுல இரைச்சல் இல்லீங்க. மைக் நல்ல மைக். தம்பி நல்லாத்தான் எடுத்திருக்கான். அது... என் காதுல இருக்கற சத்தம். இல்லாததை எடுக்கப்போய் இருந்ததை வெட்டிட்டேன்."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உடம்பப் பாத்துக்குங்க. அப்போ... இதை முடிச்சுக் குடுக்க வேற எடிட்டர் யாராவது இருக்காங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். "வேற எடிட்டரா..." என்று இழுத்தார் எடிட்டர். மைத்துனன் வந்து போனை அவர் கையிலிருந்து வாங்கினான். "சார், நான் பாத்துக்கறேன். வெட்டாத ஒரிஜினல் என்கிட்ட இருக்கு," என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தபோதும் அவன் சிரிக்கவில்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு, "எந்த டாக்டர், எப்போ?" என்று கேட்டான்.

டாக்டர் முதலில் கேட்கும் திறனைச் சோதித்து வரச் சொன்னார். சோதனை அறை, அலமாரியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. சோதிக்கும் பெண் அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள். பழக்கதோஷத்தில் அவர் விரல் ஒயரைத் தடவிப் பார்த்தது. தடிமனான, நல்ல ஒயர்.

"என்ன கம்பெனிம்மா இது?"

"தெரியல சார். நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு," என்று சிரித்தபடி அவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "உள்ள சின்னச் சின்னதா சத்தம் வரும். கேட்டதும் இதை அமுக்குங்க. எவ்ளோ மெல்லிசா இருந்தாலும் அமுக்குங்க."

"ஏற்கெனவே ஒண்ணு கேக்குதும்மா."

"அது உங்களோடது. நான் குடுக்கறத மட்டும் சொல்லுங்க."

கனமான கதவு மூடியது. சதுரக் கண்ணாடி வழியே வெளியே பெஞ்சில் மைத்துனன் தெரிந்தான். மாமாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அந்தப் பெண் ஒரு திருகில் கைவைத்தாள். உள்ளே நீண்ட ஒற்றைக் கீச்சொலி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில், அல்லது பக்கத்தில், மயிரிழைபோல் இன்னொன்று வந்ததா? வந்து போய்விட்டதா? எடிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் இமைக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.