நானூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியின் மூச்சு

கே சாம் நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் இருக்கும் 412ஆம் எண் மூச்சுப்பெட்டி, அதன் சொந்தக்காரர் இறந்து ஐம்பதாம் நாள் காலையிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்குப் பதினான்கு முறை. பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. நடுவில் புயல் அடித்த ஆண்டில் மலைச்சரிவு சாலையை மூடியதால் சுரங்கம் ஒன்பது நாள் நடக்கவில்லை. தொழிலாளர்கள் எல்லாரும் விடுப்பில் இருந்தார்கள், பெட்டி விடுப்பு எடுக்கவில்லை. அதே ஆண்டில்தான் பன்றி இறைச்சி விலை இரண்டு மடங்கானது. இரண்டையும் பற்றி ஊரில் ஏறக்குறைய ஒரே அளவு பேசினார்கள்.

மூச்சுப்பெட்டி என்பது சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய தகர டப்பா, பெரிய பால்பவுடர் டின் அளவு இருக்கும். கீழே புகையோ விஷக்காற்றோ பரவினால் மூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, ரப்பர் வாய்க்குழாயைப் பல்லால் கவ்வி, மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நாம் விடுகிற மூச்சு உள்ளே இருக்கும் மருந்தில் பட்டு, ஒரு ரப்பர்ப் பையில் நிறைந்து, இழுக்கிற மூச்சாகத் திரும்பி வரும். அது நாற்பது நிமிடம் தாங்கும். வருகிற காற்று சூடாக இருக்கும், தொண்டை எரியும். ஆனாலும் கழற்றக் கூடாது, சூடு என்றாலே பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த மருந்துக்கு ஒரே ஒரு பகை உண்டு, ஈரம். தகரத்தில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் மலைப்பனி உள்ளே போய் மருந்தைக் கல்லாக்கிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, எடை மட்டும் கூடும். அதனால் மாதம் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து கிராம் கூடியிருந்தால் அந்தப் பெட்டி செத்தது.

எடை பார்ப்பது விளக்கறையில் இருக்கும் ஞாயின் வேலை. இங்கே பெண்கள் கீழே இறங்குவதில்லை, விளக்கறை முழுக்கப் பெண்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஆண்கள் ஜன்னலருகே வரிசையில் வந்து தங்கள் எண்ணைச் சொல்வார்கள். தலைவிளக்கும் பெட்டியும் வெளியே வரும். பெயர் சொல்வதில்லை, புருஷனே வந்து நின்றாலும் எண்தான். ஞாயின் புருஷன் துவான், எண் 412. அவர் இறந்த ஆண்டில் சுரங்கத்தின் நானூற்று அறுபது பெட்டிகளுக்கும் ஆயுள் முடிந்தது. புதுப் பெட்டிகள் வரவில்லை. பழைய தேதியின் மேல் ஒட்டுவதற்குப் புது ஸ்டிக்கர்கள் வந்தன, இரண்டு ஆண்டு நீட்டிப்பு என்று. ஞாய் ஸ்டிக்கரை ஒட்டினாள், எடையும் போட்டாள். முப்பத்தொரு பெட்டிகள் கனத்திருந்தன. அவற்றைத் தனியாக அடுக்கி வைத்துவிட்டு, பாதுகாப்புப் பிரிவின் துணைத் தலைவர் சோங்கை அழைத்துக் காட்டினாள். சோங் நல்ல மனிதர், தொப்பை உள்ளவர், யாரையும் அதட்டியதில்லை.

"தராசு சரியில்ல, தங்கச்சி."

"தராசு கெட்டுப்போயிருந்தா எல்லாப் பெட்டியும்ல கனக்கணும், அண்ணே? முப்பத்தொண்ணு மட்டும் எப்படி?"

"அதான் சொல்றேன். அவ்வளவு மோசமா கெட்டுப்போயிருக்கு."

தராசு பழுதுபார்க்கப் போனது. பெட்டிகள் முப்பத்தொன்றும் அலமாரிக்குத் திரும்பின. அவற்றில் 412 பதினான்கு கிராம் கூடியிருந்தது. பக்கத்துப் பெட்டியை எடுத்துப் புருஷனுக்குக் கொடுப்பது ஞாய்க்குக் கஷ்டமில்லை. ஆனால் பக்கத்துப் பெட்டி 413. அது அவளோடு வேலை பார்க்கும் புவோயின் தம்பியுடையது. அதை மாற்றினால் தன்னிடம் மிச்சமாகிற கல்லை யார் இடுப்பில் மாட்டுவது என்ற கேள்வி வரும். பன்னிரண்டு நாள் அந்தக் கேள்வியோடு அவள் தினமும் 412ஐ ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"பதினாலு கிராம் கூட இருக்கு" என்றாள் கடைசி நாளும்.

"உன் சமையலைத் தின்னா எது கனக்காது?" என்றார் துவான். வரிசை சிரித்தது.

"பல்லைக் காட்டாதீங்க. லீவு போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"நான் லீவு போட்டா இந்த டப்பாவை யார் மாட்டிக்கிட்டு எறங்குவா? சோங் அண்ணனா? அவருக்குப் பட்டை எட்டாதே."

அன்று மாலை நான்கு மணிக்கு, கடல்மட்டத்துக்கு நூற்றைம்பது மீட்டர் கீழே, நிலக்கரியை ஏற்றிச் செல்லும் பெல்ட்டில் தீப்பிடித்தது. புகைக்குள் மாட்டிய பதினைந்து பேரும் சட்டப்படி பெட்டியை உடைத்து, குழாயைக் கவ்விக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நல்ல காற்று இருக்கும் பாதையை நோக்கி நடந்தார்கள். பதினான்கு பேர் போய்ச் சேர்ந்தார்கள். துவான் அறுநூறு மீட்டர் நடந்து, ஒரு மரத்தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டி அவருக்குக் கொடுத்தது பன்னிரண்டு நிமிடம்.

அவரை முதலில் கண்டவர் மீட்புக்குழுவின் கியெம். கியெம் இருபது ஆண்டுகளில் முப்பத்தேழு உடல்களைத் தூக்கியவர். மீட்புக்குழுவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும், உள்ளே ஒரு பிடி அரிசி. தாடை இறுகுவதற்குள் வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் போகிறவர் வழியெல்லாம் பசியோடு போவார் என்பது இங்கே நிச்சயம். உடலை மேலே கொண்டுவர நான்கு மணி நேரம் ஆகலாம், தாடை அதுவரை காத்திருக்காது. துவானின் பற்கள் குழாயைக் கவ்வியிருந்தன, மூக்கில் கிளிப் இருந்தது. கியெம் கிளிப்பை எடுத்தார், பற்களை மெல்ல விலக்கிக் குழாயை உருவினார், அரிசியைப் போட்டு வாயை மூடினார், மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு வந்தவர்கள் படம் எடுத்தார்கள். படத்தில் குழாய் நெஞ்சின் மேல் கிடந்தது.

விசாரணை ஒன்பது நாள் நடந்தது. அறிக்கை நாற்பது பக்கம். அதில் வேலைக்கு உதவிய வாக்கியம் ஒன்றுதான்: இறந்தவர் சூடு பொறுக்காமல் வாய்க்குழாயை விதிக்கு மாறாகத் தானே கழற்றிவிட்டார். அதாவது, பெட்டி நல்ல நிலையில் இருந்தது. விதியை மீறி இறந்தவரின் பெயரை வாசலில் உள்ள கல்லில் வெட்டுவதில்லை. வேலையில் இறந்த இருபத்தாறு பேருக்குக் கீழே காலியாக விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது. இதோடு முடிந்திருந்தால் ஞாய் அழுது தீர்த்திருப்பாள். ஆனால் ஆண்டுக்கொரு முறை எல்லாருக்கும் நடக்கும் பாதுகாப்புத் தேர்வில் ஏழாவது கேள்வியாகத் துவான் சேர்க்கப்பட்டார். தோழர் துவான் ஏன் இறந்தார்? கட்டத்தில் குறி போட வேண்டும். குழாயைத் தானே கழற்றினார் என்ற இரண்டாவது கட்டத்தில் குறி போட்டால் தேர்ச்சி. விளக்கறைப் பெண்களும் எழுதியாக வேண்டும். ஞாய் நான்கு கட்டங்களையும் அடித்துவிட்டுக் கீழே "பதினான்கு கிராம்" என்று எழுதினாள். அந்த ஒரு கேள்வியில் தவறினால் மற்ற இருபத்து நான்கும் சரியாக இருந்தும் தோல்வி என்பது விதி. ஒவ்வொரு ஆண்டும் தோற்றாள், மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்தாள், மறுதேர்விலும் அதையே எழுதினாள், கடைசியில் ஆள் பற்றாக்குறை என்று வேலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அறிக்கையின் அந்த வாக்கியம் ஒன்று அழிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று அவள் எல்லா மேஜைகளிலும் சொல்லிப் பார்த்தாள்.

துவானின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் அவருக்கு எரித்து அனுப்பக் காகிதச் சட்டையும் காகித மோட்டார் சைக்கிளும் வாங்கப் போனவள், கடைக்காரரிடம் காகிதத்தில் ஒரு மூச்சுப்பெட்டியும் செய்யச் சொன்னாள்.

"அங்க எதுக்கும்மா அது? அங்க புகை கிடையாது."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

கடைக்காரர் மஞ்சள் காகிதத்தில் செய்துகொடுத்தார், எண் 412 என்று எழுதியும் கொடுத்தார். மற்றவற்றோடு அது எரிந்தது. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு விளக்கறையைத் திறந்தபோது, விசாரணை முடிந்து திரும்பி வந்து மூலை அலமாரியில் கிடந்த உண்மையான 412, தன் ரப்பர்ப் பையை உப்பவைத்துச் சுருக்கிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து துவான் பிடிக்கும் மூங்கில் குழாய்ப் புகையிலையின் வாசனை வந்தது, கொஞ்சம் கடுகுக்கீரை ஊறுகாயும். புவோய் விளக்குத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உன் ஆளு வந்துட்டாரு" என்றாள். வரிசை காத்திருந்ததால் இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். ஞாய் அருகே போனால் மூச்சு சற்று வேகமாகும் என்று புவோய் சொல்வாள். ஞாய் அதை ஒப்புக்கொள்வதில்லை.

மாகாணத்திலிருந்து ஆய்வாளர்கள் மூவர் வந்தார்கள். பெட்டியைப் பிரித்தார்கள், மருந்து கல்லாக இருந்தது. மூடினார்கள், மூச்சு வந்தது. காற்றுக் கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, கணவாய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் ஆண்டுப் புத்தாண்டுக்கு முதல் நாள் கியெம் ஒரு பை ஆரஞ்சோடு ஞாயின் வீட்டுக்கு வந்து, பூஜை மாடத்தில் இருந்த துவானின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, அரிசி போட்ட கதையைச் சொன்னார்.

"பல்லு விடவே மாட்டேன்னுச்சு, தங்கச்சி. நான்தான் உருவினேன்."

"ரெண்டு வருஷமா ஏண்ணே சொல்லல?"

"பசியோட அனுப்பியிருந்தா உன் முகத்துல முழிச்சிருப்பேனா? அத யோசிச்சேன். குழாயை உருவினா என்ன எழுதுவாங்கன்னு யோசிக்கல."

அதை அவர் எழுதியும் கொடுத்தார். மூடநம்பிக்கை, தடயத்தைக் கலைத்தல் என்று இரண்டு குற்றங்களைச் சுமத்தி, அவரை மீட்புக்குழுவிலிருந்து எடுத்து வாசல் காவலுக்குப் போட்டார்கள். அறிக்கையின் வாக்கியம் அப்படியே இருந்தது.

ஆனால் ஸ்டிக்கர் ஒட்டும் காலம் மறுபடி வந்தபோது சோங்குக்கு ஒரு யோசனை தோன்றியது. நாற்பது நிமிடப் பெட்டி ஒன்று ஆண்டுக்கணக்காக மூச்சு விடுகிறதே, இதைவிடத் தரத்துக்கு என்ன சான்று வேண்டும்? 412ஐக் கண்ணாடிப் பேழையில் வைத்து, விளக்கறை ஜன்னலுக்கு எதிரே எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தினார்கள். அதைக் காட்டி மற்ற நானூற்று ஐம்பத்தொன்பது பெட்டிகளுக்கும் இரண்டு ஆண்டு, பின்பு மூன்று ஆண்டு, பின்பு இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்பு வாங்கினார்கள். பத்தாம் ஆண்டில் மேலிடம் ஒரு சின்ன ஆவணம் கேட்டது. துவான் இறந்த மாதத்து எடைப்பதிவேட்டில் 412க்கு நேரே பதினான்கு என்று இருக்கிறதே, அது கைத்தவறு என்று எடை போட்டவர் எழுதித்தர வேண்டும். இப்போது பிரிவுத் தலைவராகிவிட்ட சோங் தாளையும் பேனாவையும் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

"கல்லுல பேரு வெட்டிடுவோம், தங்கச்சி. ஏழாவது கேள்வியும் இருக்காது. நீ கேட்டது அவ்வளவுதானே?"

ஞாய் பேனாவை வாங்கினாள். பத்து ஆண்டுகளில் அவள் கை இவ்வளவு ஆசையோடு எதையும் வாங்கியதில்லை. "இந்தத் தாள் எங்க போகும்?"

"பைலுக்கு."

"பைலு?"

"ஸ்டிக்கருக்கு. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவள் பேனாவின் மூடியைப் போட்டு அவர் சட்டைப்பையிலேயே செருகினாள். சோங் அப்போதும் அதட்டவில்லை. அவர் போன பிறகு புவோய்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கையெழுத்துடி. உன் புருஷன் இந்நேரம் கல்லுல ஏறியிருப்பாரு."

"உன் தம்பியும் பின்னாலயே ஏறியிருப்பான். நானூத்திப் பதிமூணு இப்ப பதினொரு கிராம்."

 மறுநாள் புவோய் தம்பியிடம் லீவு போடச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு இறங்கினான்.

ஞாயின் கையெழுத்து கிடைக்காததால் எதுவும் நிற்கவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கம் புதிதாக எழுதப்பட்டது, அவள் கையெழுத்தைவிட அழகான கையெழுத்தில். அடுத்த மாதமே துவானின் பெயரும் கல்லில் ஏறியது, மற்ற இருபத்தாறு பெயர்களுக்கும் மேலே, அவற்றைவிடப் பெரிய எழுத்தில், தங்கப்பூச்சோடு: நமது பெட்டியில் பத்து ஆண்டுகளாக மூச்சு விடும் தோழர். ஏழாவது கேள்வி நீக்கப்பட்டது. அறிக்கையின் வாக்கியத்தையும் அடித்துவிட்டார்கள். ஞாய் கேட்டதெல்லாம் கிடைத்தது. கல்லைத் திறந்துவைத்த அன்று அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். வாசலில் காவலுக்கு நின்ற கியெமிடம் அதைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே வேலைக்குப் போனாள். அன்று அவளே 412ஐப் பேழைக்கு வெளியே எடுத்து, வாய்க்குழாயை இரண்டு விரலால் இறுக்கி, "போதும், விடுங்க" என்று சொன்னதாகப் புவோய் பிற்பாடு சொன்னாள். பை நின்றது. ஞாய் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை, விரலை எடுத்துவிட்டாள்.

தராசு எப்போதோ பழுது நீங்கித் திரும்பி வந்துவிட்டது. எடை இப்போதும் போடப்படுகிறது, பதிவேட்டில் வேறொரு பெண் எழுதுகிறாள். ஞாய் ஜன்னலில் நிற்கிறாள். ஒவ்வொரு பெட்டியையும் நீட்டும்போது அதில் உண்மையாகக் கூடியிருக்கும் எடையை வாய்விட்டுச் சொல்கிறாள், மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல. முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் சோங்கிடம் புகார் சொன்னார்கள். மாற்றிக் கொடுக்க வேறு பெட்டி இல்லை என்பது தெரிந்த பிறகு பழகிக்கொண்டார்கள்.

"இருநூத்தி எழுபத்தெட்டு."

"ஒம்பது கிராம்."

"போன மாசம் எட்டுதானே அக்கா?"

"மழை."

"சரி" என்று அவர் பெட்டியை இடுப்பில் மாட்டுகிறார். எதிரே கண்ணாடிக்குள் ரப்பர்ப் பை உப்புகிறது, சுருங்குகிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வரிசையில் நிற்பவர்கள் தங்களை அறியாமல் அதன் வேகத்துக்கே மூச்சு விடுகிறார்கள். முறை வந்ததும் எண்ணைச் சொல்கிறார்கள்.