சிங்க்ரோட்ரான் சண்டை

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது காமாக் கதிர் வெடிப்பைப் பற்றித்தான் இருக்கும். எங்கோ ஒரு நட்சத்திரம் சாகும்போது சில நொடிகள் பாய்கிற அந்த ஒளி எப்படிப் பிறக்கிறது? காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் உமிழ்வது, அதாவது சிங்க்ரோட்ரான் என்பது என் கட்சி. கொதிக்கும் நெருப்புப் பந்தின் வெப்ப ஒளி என்பது என் வீட்டுக்காரர் கட்சி. இருவருக்கும் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசை. கல்யாணமானதிலிருந்து அந்த மனிதர் இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை.

அன்று மதியம் நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழுவின் முன் நான் பேச வேண்டும். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. இதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மிகப் பிரகாசமான ஒரு வெடிப்பின் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி என்று காட்டும் வரைகோட்டை, சிங்க்ரோட்ரானால் அச்சு அசலாக விளக்கியிருந்தேன். காலையில் அவரிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு. நீ சொல்றதுதான் சரி," என்றார்.

அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. போய்ப் பேசு."

"மென்னு முழுங்காதீங்க. என்ன பாத்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "முழு வெடிப்பையும் ஒண்ணா கூட்டியிருக்க," என்றார் கடைசியில். "நேரத்தைத் துண்டு துண்டா வெட்டிப் பாரு."

பார்த்தேன். சிங்க்ரோட்ரானுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: உச்சியிலிருந்து குறைந்த ஆற்றல் பக்கம் வரைகோடு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக இறங்காது. முதல் துண்டிலோ அது கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. நொடிக்கு நொடி உச்சி நகர்ந்ததால், கூட்டியபோது எல்லாம் கலந்து சரிவு சாதுவாகத் தெரிந்திருக்கிறது. மண்டு, மண்டு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"பாத்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. உனக்கு இந்த வேலை வேணுமேன்னு..."

"வேணும்தான்! அதுக்காக என்னை முட்டாளாவே அனுப்பிடுவீங்களா? ஊரே தலையாட்டட்டும், நீங்க ஆட்டாதீங்க!" அழுகை வந்துவிட்டது. அவர்மேல் அவ்வளவு கோபம்.

மதியம் குழுவுக்கு அந்த முதல் துண்டைத்தான் முதலில் காட்டினேன். இங்கே சிங்க்ரோட்ரான் எடுபடவில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னேன். பின்னால் வரும் துண்டுகளில் பொருந்துகிறது என்றும் சொன்னேன். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலையே சொல்லிவிட்டார்கள், வேலை வேறொருவருக்கு.

பேருந்து நிறுத்தத்தில், குழுவிடம் பேசியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஏறி உட்கார்ந்த பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பின்னாடி துண்டுல பொருந்துதுன்னு சொன்னியே, அதுவும் தப்பு."

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது.