எனக்கென்று நான்கு நிமிடம்

வானொலி நிலையத்தில் என் வேலைக்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் நான் ஓட்டை அடைப்பவள். யுத்தம் தொடங்கியதிலிருந்து ரேடியோ கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே போதும், நிலையத்தில் குண்டு விழுந்துவிட்டது என்று ஊர் பதறுகிறது. அதனால் நிலையம் வாயை மூடவே கூடாது. அறிவிப்பாளருக்கு இருமல் வந்தால் நான் ஆர்மோனியம் வாசிக்க வேண்டும். இசைத்தட்டு கீறல் விழுந்து நின்றாலும் நான்தான். யாராவது சொதப்ப மாட்டார்களா என்று நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பிழைப்பா?

அன்றைக்கு மட்டும் எனக்கென்று நான்கு நிமிடம் கிடைத்திருந்தது. சும்மா கிடைக்கவில்லை. முதல்நாள் என் மகனுடைய கூட்டாளி லீவில் ஊருக்கு வந்தவன், வீடு தேடி வந்து சொன்னான்.

"நாளைக்கு ராத்திரி அவங்க படை போர்முனைக்குப் போகுதும்மா. அங்க ரேடியோ எல்லாம் கிடையாது. நாளைக்குச் சாயங்காலம் நீங்க பாடுனா கேட்டுட்டுப் போயிருவேன்னு சொல்லச் சொன்னான்."

என் மகன் படைக்குக் கிளம்பிய அன்றும் நான் இதே நிலையத்தில் யாருடைய இருமலுக்கோ ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். போய்வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

நிலைய அதிகாரியின் காலில் விழாத குறைதான். கடைசியில் மனம் இறங்கி, சாயங்கால நாடகத்துக்கும் செய்திக்கும் நடுவே இடம் கொடுத்தார்.

"பாட்டு மட்டும்தாம்மா. யாருக்குன்னு சொல்லக் கூடாது. சொந்த விஷயம் ஒரு வார்த்தை வந்தாலும் சங்கேதம்னு சொல்லி என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"வாயே திறக்க மாட்டேன் சார். பாட மட்டும்தான் திறப்பேன்."

என் மகன் கேட்டது வீட்டில் நான் எப்போதும் பாடும் பாட்டு. அதில் உச்சியில் ஓர் இடம் வரும். சின்ன வயதில் அவன் அங்கே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, கூரை பிச்சுக்கும்" என்று கத்துவான். இப்போது அதைக் கேட்க ஆசைப்படுகிறானாம்.

காலையில் அமைச்சர் வந்தார். துணியை எப்படிச் சிக்கனமாக உடுத்துவது என்று பேசினார். பேச்சில் மட்டும் சிக்கனம் இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த எல்லாமே தள்ளிப்போயின. மத்தியானம் அதிகாரி மெல்ல என் பக்கம் வந்து, "மூணு நிமிஷமா சுருக்கிப் பாடிருங்களேன்" என்றார். சரி, தொலையட்டும் என்றேன். வாத்தியக் குழுவில் ஒருவருக்குத் தந்தி அறுந்து, அதை மாட்டும்வரை நான் ஓட்டை அடைத்தேன். "ரெண்டு நிமிஷம் போதும்ல?" என்றார் மறுபடியும். அதற்கும் தலையாட்டினேன்.

மிச்சமிருந்தது நாடகம். அதில் மாமா வேஷம் போடுகிறவனை நிலையமே மாமா என்றுதான் கூப்பிடும். என்னைவிட வயதில் இளையவன். எழுதிக் கொடுத்த வசனத்தோடு நிற்க மாட்டான், சிரிப்பு வந்தால் ஜவ்வாக இழுப்பான். ஆரம்பிக்கும் முன்பே போய்க் கெஞ்சினேன்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாள் எழுதினதை மட்டும் பேசுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னக்கா நீங்க, உங்களுக்கு இல்லாததா? என்மேல சத்தியம்!"

சத்தியம் ஒரு தும்மல்வரை தாங்கியது. நிஜமாகவே தும்மினான். கூட நடித்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். போதாதா? மறுபடி தும்மினான். ராகம் போட்டுத் தும்மினான், தும்மலிலேயே பெண்டாட்டியைக் கூப்பிட்டான். மூலையிலிருந்து முஷ்டியைக் காட்டினேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இன்னொன்று போட்டான், படுபாவி.

என்னுடைய கடைசி நிமிடமும் போய்க்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. எங்கள் ஊருக்கு எதிரி விமானம் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் நிலவறைக்கு ஓடினார்கள், முதலில் ஓடியது மாமா. நானும் எழுந்தேன். கதவருகே திரும்பிப் பார்த்தால், மைக்கின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. மைக் திறந்திருக்கிறது, அறையில் ஒரு பயல் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு ஆர்மோனியத்தை இழுத்துக்கொண்டேன். எங்கோ குண்டு விழுந்து ஜன்னல் அதிர்ந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் சுருக்காமல், நிதானமாக, முழுப் பாட்டையும் பாடினேன். உச்சியில் நிஜமாகவே கூரை பிய்த்துக்கொள்ளும்படி பாடினேன். முடித்தபோது குரல் கிழிந்திருந்தது, கன்னமெல்லாம் ஈரம். கேட்டிருப்பான் என் பிள்ளை என்று மனம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அபாயம் நீங்கிய சங்கு ஊதி, இஞ்சினியர் மேலே வந்தார். என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"நீங்க கீழ வரலையா? பாடுனீங்களா? ஐயோ, சங்கு ஊதுனதுமே ஒலிபரப்பை நிறுத்திருவோமேம்மா. அலையைப் பிடிச்சுக்கிட்டே விமானம் ஊருக்குள்ள வந்துரும்ல. அந்த விளக்கு மைக்குக்கு மட்டும்தான்."

"எனக்கு யாருய்யா சொன்னா?"

"யாருக்குமே சொல்லலைம்மா. ரகசிய உத்தரவு."

அந்த நேரம் பார்த்து மாமா தலையை நீட்டினான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"டேய் தும்மல்! நீ விளங்குவியா? பெத்தவ நாலு நிமிஷம் கேட்டேன்டா, அதையும் மூக்கால தின்னுட்டியே! எம் புள்ள அங்க ரேடியோவுல காதை வச்சுக்கிட்டுக் கிடப்பான். கூரை பிச்சுக்கும்னு காதைப் பொத்தக் காத்துக்கிட்டிருப்பான்டா, பாவி! அவன் கிளம்புன அன்னைக்கும் முகத்தைப் பார்க்கலை, இன்னைக்கும்..."

தொலைபேசி மணி அடித்தது. இஞ்சினியர் எடுத்துக் கேட்டார். வாயில் விரலை வைத்து, மைக்கைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் திட்ட ஆரம்பிக்கும் முன்பே ஒலிபரப்புக் கோபுரத்தில் இருப்பவர்கள் ஒலிபரப்பை மறுபடி தொடங்கியிருந்தார்கள். அத்தனையும் போயிருக்கிறது.

அறிவிப்பாளர் செய்தி எழுதிய தாள்களோடு மூச்சு வாங்க ஓடி வந்தார். பாட எனக்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் அதிகாரி, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். நான் மைக்கின் பக்கத்தில் குனிந்தேன்.

"சாப்பிட்டியாடா?" என்றேன்.

அறிவிப்பாளர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு செய்தி வாசிக்கத் தொடங்கினார்.