சிரிப்பு அடங்கும்வரை

பெர்ட் கிம்பர் முதன்முதலாகச் சுவருக்குள் புகுந்து நடந்தது ஆக்டன் தேவாலயக் கூடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

சுவர் என்றால் நிஜச் சுவர் இல்லை. ஒத்திகைக்கு எவன் சுவர் கட்டித் தருவான்? தரையில் நாடா ஒட்டியிருக்கும். மஞ்சள் என்றால் சமையலறை, நீலம் என்றால் முன்னறை, இரண்டு கம்பு நிறுத்தியிருந்தால் அது வாசல். ஆறு வருடமாக அந்த நாடாக்களுக்குள்தான் பெர்ட்டும் டோரீன் ஹாஸ்லமும் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போட்டு வந்தார்கள். எல்லாம் தொலைக்காட்சித் தொடருக்காக. பெர்ட் அதில் ஆல்ஃபி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், வீட்டையே பஸ்ஸாக நினைத்து நடத்துகிற கிறுக்கர். டோரீன் அவர் மனைவி மேட்ஜ். நிஜத்தில் பெர்ட் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. டோரீன் இரண்டு முறை செய்து இரண்டு முறையும் கையைச் சுட்டுக்கொண்டவள்.

அன்று பெர்ட் டீக் கோப்பையோடு மஞ்சள் கோட்டைத் தாண்டி, இல்லாத அலமாரிக்குள் நுழைந்து, கூடத்தின் கோடியில் போய் நின்றார். திரும்பினார். எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாத முகம். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. தயாரிப்பாளன் நைஜல் ஃபாரன்ட்டுக்கு முப்பத்திரண்டு வயது, சட்டைக் காலர் ஒவ்வொன்றும் முறம் அளவு. அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"சுவத்துக்குள்ள பூந்து போறீங்களே பெர்ட், பேயா நீங்க? அருமை, அருமை! இத அப்படியே வச்சுக்கலாம்!"

டோரீனும்தான் சிரித்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். கோப்பை சாசரில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண் கூட்டத்தில் யாரையோ தேடி, அவளைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது. அவள் போய் மேட்ஜின் குரலில், "வாய்யா, டீ ஆறிப்போகுது" என்று அவரைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

மாலையில் இருவரும் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து போனார்கள். கண்டக்டர் காசு வாங்கமாட்டேன் என்றான். "நம்ம ஆளுகிட்டயே காசா? கெட்டியா புடிச்சுக்கோங்க!" என்று ஆல்ஃபியின் வசனத்தை அவருக்கே சொல்லிவிட்டுக் கீழே போனான். லண்டனில் அந்த வருடம் எந்தக் கண்டக்டரும் அதைச் சொல்லாமல் மணியடிக்கவில்லை.

அவன் தலை மறைந்ததும் பெர்ட் கேட்டார். "டோர், நான் எங்க எறங்கணும்?"

"என்னப்பா வெளையாடறியா?"

"வெளையாட்டுனா நல்லாத்தான் இருக்கும்." அவர் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஹார்லி தெரு டாக்டர் எழுதியது. பெரிய பெரிய வார்த்தைகள். சுருக்கமாகச் சொன்னால், மூளை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. மருந்து கிடையாது.

"நைஜல்கிட்ட சொல்லிடலாம் பெர்ட்."

"சொன்னா நாளைக்கே வேற ஆள் போட்டுடுவான். இன்னும் மூணு ஞாயிறு ஷூட்டிங்தானே? இந்த வருஷத்துத் தொடர முடிச்சுட்டு நானே வெலகிடறேன். மனுஷனா வெலகிடறேன்." ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். "எங்கம்மாவுக்கும் இதேதான். அவங்கள வச்சிருந்த எடம் ஒரு நீளக் கூடம். ஒரு நாள் நான் போறேன், அவங்க சாப்பாட்டுத் தட்டத் தொப்பின்னு நெனச்சுத் தலையில கவுத்துக்கிட்டு, கஞ்சி ஒழுக ஒழுக எனக்கு வணக்கம் சொல்றாங்க. நர்ஸுங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் டோர். நல்லா இருந்துச்சு அது. அதான் கொடுமையே."

டோரீன் கடிதத்தை மடித்து அவர் பைக்குள்ளேயே திருப்பி வைத்தாள்.

"நான் பண்ற கோமாளித்தனத்துக்கு எவன் வேணா சிரிக்கட்டும். அதுக்குத்தான் பொறந்தேன். நான் தொலைஞ்சு நிக்கறதப் பாத்து எவனும் சிரிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு ஆச்சுன்னா நீ நிறுத்திடு. கேமரா ஓடுதா, கூட்டம் இருக்கா, எதையும் பாக்காத. என் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிடு. வேற யார்கிட்டயும் இதக் கேக்க முடியாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம்" என்றாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மனதார, அழுதுகொண்டே சொன்னாள். அதில் பொய் துளியும் இல்லை.

அடுத்த இரண்டு ஞாயிறுகளும் எப்படியோ கழிந்தன. எப்படியோ என்ன, டோரீனின் உழைப்பால் கழிந்தன. ஆல்ஃபியின் வசனங்களைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி சர்க்கரை டப்பாவுக்குள் ஒட்டினாள், செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் ஒட்டினாள், டீக் கெண்டி சூடு ஆறாமல் இருக்கப் போடும் கம்பளிக் குல்லாவுக்குப் பின்னால் குத்தினாள். அவர் மறந்தால் கேள்வியாகவே பதிலை எடுத்துக் கொடுத்தாள். "என்ன, மாப்பிள்ள மேல கோவமா? டிக்கெட் மெஷின வித்துட்டான்னா?" என்று கேட்டால் போதும், அவர் பற்றிக்கொள்வார். அதற்கு முன்னால் ஒரு இடைவெளி விழும். மூன்று விநாடி, நான்கு விநாடி, ஆல்ஃபி வெறுமையாகப் பார்ப்பார். அதற்குத்தான் கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது.

"அந்த இழுவை இருக்கே, அதுக்கே தனியா லெட்டர் வருது. முப்பது வருஷ அனுபவம்னா சும்மாவா?" என்று நைஜல் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். கதை எழுதுகிறவன் அடுத்த வாரத்துக்கு அதைப் போல நாலு இழுவை எழுதிக்கொண்டு வந்தான். வியாதிக்கு வசனம் எழுதிய புண்ணியவான். பெர்ட் தலையைக் குனிந்து சூப்பைக் குடித்தார், டோரீன் மேஜைக்கடியில் தன் கைக்குட்டையைத் திருகினாள்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கூட்டம் சிரிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அடுத்த வசனத்தைப் போட வேண்டும். முந்தினால் சிரிப்பைக் கொன்றுவிடுவாய், பிந்தினால் கூடம் குளிர்ந்துவிடும். சக நடிகனின் சிரிப்பைக் கொல்வதைவிடப் பெரிய பாவம் இந்தக் கூட்டத்தாரிடம் கிடையாது. அடுத்தவன் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடினவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள். டோரீன் இதைப் பதினேழு வயதில் பிரிட்லிங்டன் கடற்கரைக் கொட்டகையில், மழைக்கு ஒதுங்கி வந்து உட்கார்ந்தவர்களை வைத்துக் கற்றாள். நாற்பது வருடத்தில் அது புத்தியை விட்டு இறங்கி உடம்புக்குள் போய்விட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டால் அவள் கால் தானாக நிற்கும், முகம் தானாகக் கல்லாகும்.

கடைசி ஞாயிறு. படப்பிடிப்பு அரங்கில் முந்நூறு பேர். லூட்டனிலிருந்து ஒரு தையல் தொழிற்சாலைப் பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள், குரோய்டனிலிருந்து ஒரு முதியோர் சங்கம். ஒருவன் முன்னால் நின்று மாமியார் துணுக்குகள் சொல்லி அவர்களைச் சூடேற்றிவிட்டுப் போனான். விளக்குகள் ஏறின.

முதல் பாதி நன்றாகவே போனது. பெர்ட் சர்க்கரை டப்பாவைத் திறந்து வசனத்தைச் சொன்னார், குல்லாவைத் தூக்கிச் சொன்னார். டோரீன் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்: இன்னும் பத்து நிமிஷம், இன்னும் எட்டு. எட்டு நிமிஷம் தாண்டினால் மனுஷன் மானத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

செய்தித்தாளை எடுக்க வேண்டிய இடத்தில் பெர்ட் அதை எடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். அரங்கத்து வீட்டுக்கு மூன்று சுவர்தான், நாலாவது பக்கம் கேமராவுக்கும் கூட்டத்துக்கும். ஆறு வருடமாக அந்தப் பக்கம் ஒருநாளும் பார்க்காத பெர்ட் நேராக அங்கே திரும்பினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து விளக்கை மறைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"யாரு இவங்கல்லாம்?" என்றார். "நம்ம வீட்ல ஏன் வந்து உக்காந்திருக்காங்க?"

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. தையல் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். யாரோ ஒரு கிழவர் இருமி இருமிச் சிரித்தார். பெர்ட்டின் முகத்தில் பயம் ஏறியது. நிஜமான, குழந்தைப் பயம். அவர் டோரீன் பக்கம் திரும்பி ஓரடி வைத்தார், கையை நீட்டினார், ஏதோ சொன்னார். சிரிப்பில் சத்தம் மூழ்கிப்போனது. உதட்டை மட்டும் அவள் பார்த்தாள். மேட்ஜ் என்று சொல்லவில்லை. டோர் என்றார்.

நாலடி தூரம். போய்க் கையைப் பிடித்திருக்கலாம். அதற்குத்தான் சத்தியம் செய்தாள்.

டோரீன் நின்றாள். இடுப்பில் கை வைத்து, முகம் கல்லாக, சிரிப்பு உச்சிக்குப் போகட்டும் என்று நின்றாள். ஏறியது. இறங்கத் தொடங்கியது. சரியான நொடியில் அவள் வாய் திறந்தது. எங்கிருந்து வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும், எழுதிக் கொடுத்த வரியில்லை அது.

"டிக்கெட் வாங்காம ஏறிட்டாங்க ஆல்ஃபி. எறக்கி விடு எல்லாரையும்."

முதல் சிரிப்பை இரண்டாவது சிரிப்பு விழுங்கியது. கைதட்டல் வேறு. பெர்ட் நீட்டிய கையை மெல்லக் கீழே போட்டார். அந்தக் கை இறங்குவதை அவள் பார்த்தாள், அதற்கும் ஒரு சிரிப்பு வந்தது, அது அடங்கவும் காத்து நின்றாள். பிறகுதான் அவளுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே உறைத்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, மாப்பிள்ளை வருகிற வாசல் வழியாக அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அதற்கும் கைதட்டினார்கள். மீதிக் காட்சியை மாப்பிள்ளையாகவும் மகளாகவும் நடித்தவர்கள் ஒப்பேற்றினார்கள்.

ஒப்பனை அறையில் பெர்ட் கண்ணாடி முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார். "நல்லா போச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா போச்சு பெர்ட்."

அவர் தலையாட்டினார். அவருக்கு நினைவிருந்ததா, இல்லையா, மன்னித்தாரா, வெறுத்தாரா, அவளுக்குத் தெரியாமலே போயிற்று. கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நைஜல் தொலைபேசியில் வந்தான். குரலில் கொஞ்சம் தயக்கம். அவனும் முட்டாள் இல்லையே. "டோரீன், அந்த எடம்... பெர்ட் வேணும்னுதானே செஞ்சாரு? இல்லன்னா சொல்லுங்க, வெட்டிடறேன்."

இல்லை என்று சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும். பெர்ட்டின் ரகசியம் ஊர் வாயில் விழும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று டோரீன் பிற்பாடு தனக்குத்தானே நூறு முறை சொல்லிக்கொண்டாள். இன்னொன்றும் உண்மை. அவள் வாழ்நாளில் வாங்கிய மிகப் பெரிய சிரிப்பு அது.

"பின்ன? பெர்ட்டப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?" என்றாள்.

நாடே பார்த்தது. மீன் கடையில், தபால் நிலையத்தில், சர்ச் வாசலில் அவளைக் கண்டவர்களெல்லாம் "எறக்கி விடு எல்லாரையும்" என்றார்கள். குளிர்காலத்துக்குள் பெர்ட்டை சர்ரே பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அதுவும் நீளக் கூடம்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டோரீன் அவரைப் பார்க்கப் போனபோது, கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மறு ஒளிபரப்பு. அவள் எழுந்து அணைக்கப் போனாள். நர்ஸ் விடவில்லை. "இருக்கட்டும்மா, எல்லாருக்கும் பிடிக்கும். பெர்ட், யாரு வரா பாருங்க!"

அந்த இடம் வந்தது. நாற்காலிகளில் இருந்த கிழவர்கள் கத்திச் சிரித்தார்கள். நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெர்ட் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து, புருவத்தைச் சுருக்கி, திரையை உற்றுப் பார்த்தார்.

"அந்த ஆளு நடிக்கல" என்றார். "தொலஞ்சு போயிட்டான் பாவம்."

தேசத்தில் அதைக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான்.

"அவன் கைய நீட்டறான் பாருங்கம்மா. அந்தப் பொம்பள ஏன் சும்மா நிக்கறா?"

அவர் அவளிடம்தான் கேட்டார், யாரோ ஒரு நல்ல அம்மாளிடம் கேட்பதுபோல. பதில் வரும்வரை விடமாட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"சிரிப்பு அடங்கட்டும்னு நிக்கறா" என்றாள் டோரீன்.

பெர்ட் யோசித்தார். பிறகு தெளிந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப சரி" என்றார். "நிக்கத்தான் வேணும்."

காறித் துப்பியிருந்தால்கூட டோரீன் தாங்கியிருப்பாள்.